மருதோன்றி வேலியும் சைக்கிள் உயரமும்

போன மாதம் நான் வேலை பார்த்த உள்ளூராட்சி சபையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் இருந்த கதிரையில் இப்போது ஓவசியராக இருக்கும் பெண்பிள்ளை பேசினாள்.

"சேர், வேலி வெட்டுறதுக்குப் புது மெசின் வந்திரிக்கி. எத்தின அடி உயரத்தில வெட்டுறண்டு ஒரு அளவு சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி அறிவிக்கோணும்."

"ஒரு சைக்கிளில ஏறி வேலியோரமாப் போய்ப் பாருங்க மகள். அதுதான் அளவு" என்றேன்.

அவள் சிரித்தாள். ஓய்வு பெற்றவர் பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பாள். நான் பகிடி விடவில்லை. ஆனால் அந்த அளவின் கதை தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையுமில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓவசியர் என்றால் குடைக்குக் கீழே நின்றுகொண்டு வெயிலில் நிற்பவனை வேலை வாங்குகிற ஆள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்ந்த புதிதில் தார்ப் பீப்பாக்களுக்குக் காவலிருப்பதிலும், பெரியவர்களுக்குத் தேத்தண்ணீர் சொல்லிவிடுவதிலுமே சில வருடங்கள் போயின. பிறகு கல்முனைப் பெரிய வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளை என் பொறுப்பில் விட்டார்கள். மழைத்தண்ணீர் ஓடும் கான் துப்புரவு, வீதியோரப் புல், வேலி. இந்த மூன்றும்தான் என் உத்தியோகம்.

இந்த வேலைக்குக் கலண்டர் தேவையில்லை. வீதியோரமே மாதத்தைச் சொல்லும். வாடைக்காற்று எழும்பி மாரி தொடங்குவதற்கு முன்னால் கானுக்குள் மண்டிக் கிடக்கும் நாயுருவியையும் தகரையையும் வாரி எடுத்துவிட வேண்டும். விட்டால் முதல் மழைக்கே தண்ணீர் வீடுகளுக்குள் போய்விடும். மாரி நடக்கும்போது நாங்கள் வெட்டினாலும் ஒன்றுதான், வெட்டாவிட்டாலும் ஒன்றுதான். இன்று வெட்டிய புல் நாளைக்கே எட்டிப் பார்க்கும். மழை ஓய்ந்து மாசி பிறந்ததும் ஒழுங்கைகள் பெருநாள் உடுப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். வீதியோரம் முழுக்க வெள்ளைத் தும்பை. மணலில் மஞ்சள் நெருஞ்சி, வெயிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகு, செருப்பில்லாமல் மிதித்தவனிடம் போய் அழகென்று சொல்லிவிடாதீர்கள். கிளுவை வேலிகளில் சங்குப்பூ ஏறி நீலமாகத் தொங்கும். முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவந்து நிற்கும். முடக்கொத்தான் காயைப் பறித்துச் சின்னப் பிள்ளைகள் ஒருவர் நெற்றியில் ஒருவர் அடித்து உடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள்.

அந்த மாதத்தில் தும்பையை வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதினைந்து நாள் பொறுத்து, பூத்து முடிந்த பிறகு வெட்டுவோம். மேலிடத்தில் கேட்டால் ஆள் போதாது என்று ஒரு காரணம் எப்போதும் கையில் இருக்கும்.

பிறகு கச்சான் காலம். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் அந்தச் சூட்டுக் காற்றில் புல்லெல்லாம் கருகிப்போகும். எருக்கலையும் நாகதாளியும் இறந்தவர்களை அடக்கும் மையவாடியில் நிற்கும் பட்டிப்பூவும் மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பூத்துக்கொண்டிருக்கும். கடற்கரையில் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுப் பந்துகள் காற்றோடு கடலைப் பார்த்து உருளும். அடம்பன் கொடி ஊதாப் பூவோடு மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கச்சானில் வேலியில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். வெட்டிய இடம் துளிர்க்காது, காய்ந்து ஓட்டையாகிவிடும்.

இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டவர் எனக்கு மேலே இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், பாண்டிருப்பு சிவராசா ஐயா. மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு பழைய சைக்கிள், அதன் பாரில் கட்டிய குடை, சட்டைப் பையில் அளவு நாடா. ஒரு முறை கடற்கரையைத் துப்புரவாக்கச் சொல்லி மேலிருந்து கட்டளை வந்தபோது, எங்கள் ஆட்கள் அடம்பன் கொடியைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐயா வந்தார். ஏசவில்லை. ஒரு பிடி மணலை அள்ளி என் முன்னால் ஊதினார். மணல் பறந்து என் சட்டையெல்லாம் விழுந்தது.

"இதப் பிடிச்சு வச்சிருக்கிற ஆளை நீங்க வேலையால நிப்பாட்டுறீங்க ஓவசியர்" என்றார். அவ்வளவுதான். சுருட்டிய கொடியைத் திரும்ப விரித்து மண் போட்டுவிட்டு வந்தோம்.

வேலி வெட்டுவதில் அவருக்கு இருந்த கவனம் இன்னும் பெரிது. எங்கள் ஊர்களில் வேலி என்பது காணியின் எல்லை மட்டுமில்லை. வேலிக்கு உள்ளேதான் கிணறு, உடுப்புக் கொடி, முற்றம். பெண்கள் தலையை மூடாமல் நடமாடுகிற இடம். ஆகவே முதலில் சத்தம் கொடுக்க வேண்டும். "வேலி வெட்ட வந்திரிக்கம்! உள்ளுக்குப் போங்க புள்ளைகள்!" என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் பொறுக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். உயரத்தைக் குறைப்பதென்றால் நடந்து போகிறவனை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. சைக்கிளில் போகிறவனுடைய கண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். வெட்டி முடிந்ததும் ஐயா தன் சைக்கிளில் ஏறி, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக ஒரு முறை போய் வருவார். இறங்கி வந்து, "மூண்டாவது வீட்டில உடுப்புக் கொடி தெரியிது. வெட்டு கூடிப் போச்சு" என்பார். அன்று பின்னேரமே அந்த இடத்தில் தென்னங்கிடுகு கட்டிக் கொடுப்போம்.

என் ஆட்களில் கை சுத்தமான வெட்டுக்காரர் ஆதம்பாவாக் காக்கா. என்னைவிட மூத்தவர், நான் ஓவசியரென்றாலும் அவர் எனக்குக் காக்கா, அண்ணன்தான். அவர் வெட்டிய வேலியைத் தடவிப் பார்த்தால் துணி மடித்து வைத்த மாதிரி இருக்கும். அவரிடம் ஒரே ஒரு பைத்தியம். வெட்டிய கம்பை எறிய மனம் வராது. கிளுவை, பூவரசு, மருதோன்றி எதுவானாலும் நல்ல கம்பாகப் பொறுக்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய் எங்காவது ஊன்றிவிடுவார். அவருடைய மனைவி சுபைதா ராத்தா, "ஊர்க் குப்பையெல்லாம் எண்ட வளவுக்குள்ள" என்று சத்தம் போடுவது ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

என்ன கூத்தென்றால், ஊர் வேலியையெல்லாம் ஒழுங்காக வைத்திருந்த அந்த மனிதரின் வீட்டு வேலிதான் ஊரிலேயே மோசம். நல்ல தடித்த மருதோன்றி வேலி. ஒழுங்கை தொடங்குகிற இடத்திலேயே, பெரிய வீதிப் பக்கம், முதல் வீடு. வேலி பருத்து ஒழுங்கையில் பாதியைப் பிடித்திருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் யாரும் முறைப்பாடு கொடுத்ததில்லை. பெருநாளைக்கு முந்தின நாள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் கைக்கு வைக்க இலை அங்கேதான். ஒரு மழை விழுந்து பூத்துவிட்டால், அந்தச் சின்னச் சின்னப் பூவின் மணம் பெரிய வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

"காக்கா, ஊர் வேலியெல்லாம் வெட்டுறீங்க. உங்கட வேலி றோட்டுக்கு வந்து நிக்கிதே?" என்று நான் பகிடியாகத் தொடங்குவேன்.

"வளவு அவட. வேலி அவட வாப்பா வச்சது. நான் மாப்பிள்ளையா வந்தவன். கத்தி மட்டும்தான் எண்ட" என்பார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும், ஆண் அங்கே போய்க் குடியிருப்பான்; அதைச் சொல்லித் தப்பிவிடுவார்.

"எப்பதான் வெட்டுற?"

"நாளைக்கு, ஓவசியர்."

அந்த நாளைக்கு வரவேயில்லை. ஒரு கச்சான் காலத்தில், ஆவணி பிறந்த கையோடு, வேலை முடிந்து பூவரசு நிழலில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். அவருடைய மையத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஒழுங்கையால் வந்தபோது வேலி என் தோளை உரசியது. நான் ஏசியிருக்க வேண்டிய வேலி. அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு மாதம் போகவில்லை, அந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட அனுமதி வந்தது. ஊரே காத்திருந்த வேலை. போன மாரியில் பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒரு பெண்ணைக் கதிரையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. வருடம் முடிவதற்குள் வேலையை முடிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். கொங்கிறீட் கலக்கும் வண்டி பெரிய வீதியால்தான் நுழைய வேண்டும். அப்படி நுழைவதென்றால் முதலில் வெட்ட வேண்டியது மருதோன்றி வேலி, அதுவும் அடியோடு.

உள்ளே சுபைதா ராத்தா இத்தா இருக்கிறா.

கணவன் மவுத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற காலம் அது. அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. நகை இல்லை, வாசனை இல்லை, கைக்கு மருதோன்றி இல்லை. அந்த வீட்டு வேலியை இழுத்துப்போட்டு முற்றத்தைத் திறந்துவிட நான் ஆட்களோடு போய் நிற்க வேண்டும். அதுவும் ஆதம்பாவாக் காக்காவோடு சேர்ந்து கத்தி பிடித்த அதே ஆட்களோடு.

அவவுடைய தம்பி ஹனீபா கோபக்காரன். சபை வாசலுக்கே வந்துவிட்டான்.

"இத்தாக்குள்ள இருக்கிற பொம்புளட வேலியில கை வைச்சுப் பாருங்க!"

ஒழுங்கையில் ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு, அதே அளவு கோபத்தில் என்னை மறித்தா. "இந்த மாரிக்கும் நாங்க தண்ணிக்குள்ளயா கிடக்கிற? அவவும் இந்த ஒழுங்கைதானே?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம். எனக்கு இரவில் நித்திரை வரவில்லை.

தகரம் அடித்து மறைத்துக் கொடுத்துவிட்டு வேலியை வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஹனீபாவையும் கூட்டிக்கொண்டு போய் விறாந்தையில் நின்றேன். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் ராத்தா வந்து நின்றது கால் சத்தத்தில் தெரிந்தது. ஊரே கேட்கச் சத்தம் போடுகிற அந்தக் குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது.

"தகரம் நல்ல மறைப்புத்தான் தம்பி. எனக்குத்தான் ஒண்டும் தெரியா. வேலியெண்டா இலைக்குள்ளால சனம் போறது வாறது தெரியும். பள்ளிக்குப் போற புள்ளைகளப் பார்ப்பன். மீன்காரன் ஆரிட்ட ஏமாத்துறானெண்டு பார்ப்பன். வீட்டோட கிடக்கிறவளுக்கு வேற என்ன இரிக்கி?"

நான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பூத்தும் இரிக்கி. நான் வாசம் பூசேலா. அது பூக்கிறத்த ஆர் வேணாமெண்டுற?" என்றா. பிறகு, "அவர் ஊண்டின கம்பெல்லாம் உள்ளுக்கு நிக்கிது. அவசரத்தில வந்தா மிரிச்சுப் போடுவாங்க. மாரி ஒரு மழை குடிக்கட்டும் தம்பி. நான் வெட்ட வேணாமெண்டு சொல்லல்ல. இத்தா முடியட்டும்."

கம்புகளைப் பற்றிச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காக்காவின் பைத்தியம் எனக்குத் தெரியாததா?

சிவராசா ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கட்டளையையும் அவர் மேசையில் இருந்து போட்டதில்லை. அந்த இடத்தில் நின்றுதான் போடுவார். சைக்கிளில் வந்தார். வேலியின் முன்னால் குடையை ஊன்றி நின்றார். ஒப்பந்தக்காரரும் நின்றார். ஐயா பெரிய வீதிப் பக்கம் பார்த்தார், பிறகு கடல் பக்கம் பார்த்தார்.

"இத்தா எப்ப முடியுது?"

"மார்கழி நடுவில ஐயா."

"ஒழுங்கைக்கு ரெண்டு தலை இருக்குத்தானே ஓவசியர்?" என்றார்.

ஒப்பந்தக்காரருக்கு விளங்கிவிட்டது, முகம் கறுத்தது. "கடல் பக்கத்தால எப்பிடி ஐயா? மண்ணில டிரக்டர் புதையும். மழையும் வரப் போகுது."

"பக்கத்து ஒழுங்கையால இறக்குங்க. அங்கயிருந்து கைவண்டில். நானும் வாறன்" என்றார் ஐயா. போகும்போது திரும்பி, "அடம்பனுக்கு மேலால வண்டில் ஓடக் கூடாது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அந்த ஒழுங்கை கடலில் தொடங்கியது. பெரிய வீதியிலிருந்து போட்டிருந்தால் மழைக்கு முன்னால் முடிந்திருக்கும். நாங்கள் சீமெந்தையும் சல்லியையும் கைவண்டிலில் தள்ளித் தள்ளி, மழை விட்ட இடைவெளியில் ஒரு துண்டு, பிறகு பொலித்தீன் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்பு, பிறகு இன்னொரு துண்டு. இரண்டு முறை புதுக் கொங்கிறீட்டை மழை கழுவிக்கொண்டு போனது. ஒப்பந்தக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழும்பினார். ஒழுங்கைக்காரர்களே வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். என்னை மறித்த அந்தத் தாயின் புருசனும் வந்தான். ஹனீபாவும் வந்தான். கோபக்காரனுக்கு வேலை நன்றாகத்தான் ஓடியது.

கார்த்திகை முழுக்க அந்த வேலையில் என் மனம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: வருடம் முடிய முன்னால் அந்த வேலியடிக்குப் போய்ச் சேர்வோமா, போய்ச் சேரும்போது ராத்தா வெளியே வந்திருப்பாவா? மழையில் நனைந்த மருதோன்றி இன்னும் அடர்ந்து நின்றது. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். அந்தப் பக்கம் நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். ஆட்களும் திருப்பவில்லை.

மார்கழியில் ஒரு காலை ஹனீபா ஓடி வந்தான். "ராத்தா இத்தா முடிச்சிற்றா. வெட்டட்டாம்" என்றான். மிச்சம் இருந்தது முதல் வீட்டு முன்பக்கம் மட்டும்தான்.

சத்தம் கொடுக்க வேண்டும். அது எப்போதும் ஆதம்பாவாக் காக்காவின் வேலை. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நானே தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேலி வெட்ட வந்திரிக்கம்" என்று கூப்பிட்டேன். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் பொறுத்தோம்.

பிறகு வெட்டினோம். பூவோடும் இலையோடும் கிளைகள் விழுந்தன. ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் பாய் விரித்து இலையை உருவி எடுத்துக்கொண்டு போனார்கள். வேர் கிளப்ப இரும்பு அலவாங்கு போட்டவன் திடீரென்று நிமிர்ந்து, "ஓவசியர், இஞ்ச பாருங்க" என்றான்.

வேலி போன இடத்துக்குப் பின்னால் இன்னொரு வேலி நின்றது.

இளம் மருதோன்றி. நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. மாரி மழை குடித்து ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, நுனியில் முதல் பூ வைத்திருந்தது. ஐயா வீதி எல்லைக்கு அடித்திருந்த முளைக்கட்டைகளுக்குச் சரியாக உள்பக்கம், ஒரு சாண் தள்ளி. இந்த ஒழுங்கையை முதன்முதல் அளந்தபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் ஆதம்பாவாக் காக்காதான். எல்லை எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். போன மாரியில் ஊன்றியிருக்கிறார். பழைய வேலியை வெட்டுகிற நாளில் ராத்தாவின் முற்றம் ஒரு நாள்கூடத் திறந்து கிடக்கக் கூடாது என்று, உள்ளே இதை வளர்த்துக்கொண்டே, எனக்கு நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அது வேலிக்கென்று ஊன்றியது என்று ராத்தாவுக்கும் தெரியாது. ஏதோ குப்பைக் கம்பு, அவர் கையால் வைத்தது, மிதிபடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்திருந்தா.

அலவாங்கு பிடித்தவன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். எங்களோடு நின்ற சிவராசா ஐயா நாடாவைக் கையில் எடுத்தார். பிறகு விரிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். சைக்கிளில் ஏறினார். முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக அந்த வரிசை முடியும் வரை போனார். திரும்பி வந்து இறங்கினார்.

"கிணறு தெரியல்ல. உடுப்புக் கொடி தெரியல்ல" என்றார். "ஒண்டுமே தெரியல்ல ஓவசியர்."

அப்போது இளம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதா ராத்தாவின் குரல் கேட்டது. பழைய குரல், ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரல்.

"எனக்கு உங்க எல்லாரையும் தெரியிது ஐயா."

அந்த உயரத்தைத்தான், மகள், தொலைபேசியில் உங்களுக்குச் சொன்னேன். அதற்கு எத்தனை அடி என்று நான் அளந்து பார்த்ததில்லை.